நெறி கட்டுதல்

ஐஸ் கொம்பனிக்குப் பின்னால்
றெஜிபோம் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் கிடந்தது.
சூடைமீன் வாசத்துக்குள் ஒரு கைப்பிடி சாம்பல்,
வாய் மட்டும் பெரிது.
தூக்கினேன். கீறியது.
பெட்டிக் கணக்கு எழுதுகிறவள் நான்.
மணிக்கட்டில் விழுந்த மூன்று கோட்டை
வரவிலும் செலவிலும் சேர்க்காமல்
குழாயடியில் கழுவிவிட்டு
அடுத்த லொறிக்குத் துண்டு எழுதினேன்.

பேர் வைக்கவில்லை.
தம்பி யஸ்ரினுக்குப் பூனை ஆகாது.
முன்வீட்டார் விட்டுப்போன ஒன்றைச்
சாக்கில் கட்டிப் பண்ணைப் பாலத்தடிக்குக் கொண்டுபோனவன்.
"அக்கரையில விட்டனான்" என்றான்.
சாக்கு ஈரமாய்த் திரும்பி வந்தது.
ஆகவே இது என் கட்டிலுக்குக் கீழே வளர்ந்தது,
பழைய சோட்டி ஒன்றுக்குள்,
இரவில் என் கையோடு சண்டை பிடித்தபடி.

மூன்றாம் கிழமை
கமக்கட்டில் ஒன்று எழும்பியது.
முதலில் புளியங்கொட்டை. பிறகு பாக்களவு.
அவ்வளவுதான், கூட்டிச் சொல்லமாட்டேன்.
ஆனால் விளக்கு அணைத்த பிறகு
விரல் போய்ப் போய்ப் பார்க்க
அது வீட்டளவு.

பின்னேரங்களில் காய்ச்சல்.
அம்மா பனடோலும் கொத்தமல்லித் தண்ணியும் தந்தா,
முகத்தைப் பார்க்காமல்.
தெல்லிப்பழை என்கிற ஊர்ப்பேரை
அந்தக் கிழமை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை.
அவ்வழியால் போகிற பஸ்ஸைக்கூட
காங்கேசன்துறை பஸ் என்றார்கள்.

பெரியாஸ்பத்திரியில்
டொக்டர் என்னிலும் இளசு.
ஊசி குத்தி எடுத்த றிப்போட்டை இரண்டு தரம் வாசித்தா.
"இருமலோ? இரவில வேர்க்குதோ? நிறை குறைஞ்சதோ?
வீட்டில ஆருக்கும் சயம் வந்ததோ?"
இல்லை. இல்லை. கொஞ்சம். இல்லை.
"பூனை வளர்க்கிறீங்களோ?"

கதவடியில் யஸ்ரின் நின்றான்,
என் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு,
மூன்று நாள் தாடியோடு.
"இல்லை" என்றேன்.

அவ என் கையைத் திருப்பினா.
கோடு போட்ட கொப்பி.
பழைய கோடுகள் வெள்ளை, நேற்றையது சிவப்பு.
"அப்ப இது?"
"மீன்பெட்டி ஆணி."

பின்னாலிருந்து குரல் வந்தது:
"அக்கா, றெஜிபோம் பெட்டியில ஆணி இல்லை."

டொக்டர் துண்டுக் கடதாசியின் பின்பக்கத்தில்
ஒரு தெள்ளு கீறினா, எறும்புபோல வந்தது.
தெள்ளு பூனையைக் கடிக்கும்,
பூனையின் இரத்தத்தில் கிருமி தங்கும்,
தெள்ளின் பீ நகத்தில் ஒட்டும்,
நகம் என் தோலில்.
குட்டியென்றால் இன்னும் கூட.
நெறி கட்டும், காயும்,
பெரும்பாலும் தானாகவே வற்றும்.

"பூனைக்கு என்ன செய்யும்?"
"அதுக்கு ஒண்டுமில்லை."

ஒன்றுமில்லை.
காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை,
இந்நேரம் யன்னல் வெயிலில் வயிற்றைக் காட்டிப் படுத்திருக்கும்.
நான் இருபது இரவு
சவப்பெட்டிக்கு எந்தச் சீலை என்று யோசித்ததை
அது தந்துவிட்டு, தந்தது தெரியாமல், நக்கிக்கொண்டிருக்கும்.
எனக்குக் கோபம் வந்தது.
பிறகு சிரிப்பு. பிறகு
நல்ல பசி.

வழியில் மருந்துக்கடையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.
என் குளிசையோடு
பேன்சீப்பு ஒன்றும் வாங்கினான்.
சாக்கைப்பற்றி அவன் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்வளவில்
தன் பழைய ஜேர்சியால் அதைச் சுற்றிப் பிடித்தான்,
குண்டைப் பிடிப்பவன் மாதிரி.
நான் வாரினேன்.
சோப்புத் தண்ணிக் கோப்பைக்குள்
ஒன்று, இரண்டு, பதினேழு,
எண்ணுகிற பழக்கம் விடாது,
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டாவதுக்கு அது திமிறியது.

யாகப்பர் கோயில் கொடியேற முன்னம்
என் பாக்கு வற்றிப்போனது.
அது வேறு கதை.
அன்றிரவுதான் நினைவிருக்கிறது:
பெருவிரலில் ஒரே ஒரு கோடு,
இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவியவன்
இருட்டில், எல்லாரும் படுத்த பிறகு,
முற்றத்தில் நின்று
சேட்டுக்குள் கைவிட்டுத்
தன் கமக்கட்டைத் தடவிப் பார்த்தான்.